தோலுக்கென்று ஒரு கத்தி



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது நம் இல்லங்களில் பேச்சு முழுவதும் ஆட்டைப் பற்றியதாகவே இருக்கும். வயது நிறைந்ததா, கண்ணில் பழுதுண்டா, காலில் ஊனமுண்டா என்று ஒன்றுக்கு இருமுறை பார்த்து வாங்குகிறோம். கத்தியைப் பற்றி மட்டும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "கூராக இருக்கிறதா?" அறுப்பதற்கு அந்தக் கேள்வி போதும். அறுக்கும் கத்தியை நன்கு தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் உயிர் பிரிந்த பின்னர் அதே கத்தியை அதே கூரோடு தோலின்மீது வைக்கிறோமே, தவறு அங்கேதான் தொடங்குகிறது. அறுப்பதற்கு நன்மை செய்த கூர்மையே தோலுக்குப் பகையாகிவிடுகிறது.

இம்மாதம் இப்பகுதியில் தோலுக்குரிய கத்திகளைப் பற்றி, குறிப்பாகத் தோலில் ஒட்டிய சதையையும் கொழுப்பையும் நீக்கும் இருபிடிக் கத்தியைப் பற்றிப் பேசுவோம். "இது கசாப்புக்காரரின் கவலை, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குர்பானித் தோல் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நம் ஊர்களின் மத்ரஸாக்களும் அநாதை இல்லங்களும் பல்லாண்டுகளாக அதை எதிர்பார்த்து வந்திருக்கின்றன. பிள்ளைகளின் உணவுச் செலவில் ஒரு பகுதியை அந்த வருவாய் தாங்கிய காலம் ஒன்று இருந்தது.

இன்று நிலைமை அப்படியில்லை. செயற்கைத் தோலும் துணிக் காலணிகளும் சந்தையை நிறைத்த பின், குர்பானித் தோலின் விலை வெகுவாகச் சரிந்துவிட்டது. வாங்க ஆளின்றித் தோல்களைப் புதைத்துவிட்டார்கள் என்ற செய்திகளும் நம் காதுக்கு வந்தன. இறந்துபோன ஓர் ஆட்டின் தோலைக்கூட வீணாக்காமல் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். இந்தச் செய்தி நம்மை உறுத்த வேண்டும்.

"விலையே இல்லாத பொருளுக்குத் தனிக் கத்தி வேறா?" என்று சிலர் கேட்கக்கூடும். நான் இதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். விலை ஏறியிருக்கும் காலத்தில் வியாபாரி நல்ல தோலோடு பழுதுள்ள தோலையும் சேர்த்து அள்ளிப் போவார். விலை இறங்கிய காலத்தில்தான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். அப்போது அவர் முதலில் ஒதுக்கித் தள்ளுவது இரண்டு வகைத் தோல்களை: கத்தி பட்டவை, மயிர் உதிர்பவை. இவ்விரண்டு பழுதுகளும் பெரும்பாலும் நம் வீட்டு முற்றத்தில்தான் உண்டாகின்றன. இரண்டையும் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

முதலில் கத்தி பட்ட தோலை எடுத்துக்கொள்வோம். ஆட்டுத் தோலின் கனம் ஓரிரு மில்லிமீட்டர்தான். காலணியிலும் கைப்பையிலும் நாம் தடவிப் பார்த்து மகிழும் அந்த வழவழப்பான முகம் மயிர்ப் பக்கத்தில் உள்ளது. கத்தி வேலை செய்வதோ சதைப் பக்கத்தில். உரிக்கும்போது கத்தி சற்றே ஆழ்ந்து ஒரு கீறல் விழுந்தால் அன்று யார் கண்ணுக்கும் தெரியாது. மறுபக்கம் முழுதாகவே இருக்கும். தொழிற்சாலையில் பதனிட்ட பின் தோலைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்த வேளையில் கீறல் வாய் திறந்து ஓட்டையாகிவிடும். அதுவும் முதுகின் நடுவே விழுந்துவிட்டால் போயிற்று. காலணிக்கும் பைக்கும் பெரிய துண்டாக வெட்டி எடுக்கும் இடமே அதுதான். வயிற்றோரத்தில் விழும் ஓட்டைக்கு அவ்வளவு நட்டமில்லை.

பெருநாளன்று உரிப்பவர்மீது மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காலை முதல் அவருக்கு அடுத்தடுத்த வீடுகளிலிருந்து அழைப்பு. தோலில் பத்துக் கீறல் விழுந்தாலும் அவருக்கு நட்டம் ஏதுமில்லை. நட்டம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு. குர்பானிப் பிராணியிலிருந்து எதையும் அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கலாகாது என்று அலீ (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். எனவே தோலைக் கூலியில் கழிக்கும் பேச்சே வேண்டாம். கூலியைத் தனியாக, தாராளமாகக் கொடுங்கள். தோல் பழுதின்றி வந்தால் மேற்கொண்டு இவ்வளவு தருகிறோம் என்று முன்னதாகவே சொல்லிவையுங்கள். கத்தி தானாக மெதுவாகும்.

உரிப்பதற்கான கத்தி எப்படி இருக்க வேண்டும்? ஐந்தாறு அங்குல நீளம், அகன்ற அலகு, மேல்நோக்கி வளைந்த உருண்டை முனை. இறைச்சி வெட்டும் நேரான கத்தியின் ஊசி முனைதான் தோலைக் குத்தும் குற்றவாளி. வயிற்றின் நடுக்கோட்டைத் திறக்கும்போது கத்தியைத் தோலுக்கு அடியில் நுழைத்து, வாயை மேலே பார்க்க வைத்து, உள்ளிருந்து வெளியே கிழிக்க வேண்டும். மயிர் வெட்டுண்டு இறைச்சியில் விழாது. கோடும் நேராக அமையும். கால்களிலும் கழுத்திலும் தோல் இறுகியிருக்கும் இடங்களில் மட்டும் மீண்டும் கத்திக்கு வேலையுண்டு. மற்ற இடமெல்லாம் கைமுட்டியின் வேலை.

இது இன்றைய தோல் நிபுணர்கள் கண்டுபிடித்த புதுமையன்று. ஆடு உரித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவரைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அவரைச் சற்று விலகச் சொல்லி, தோலுக்கும் சதைக்கும் நடுவே தம் திருக்கரத்தை அக்குள்வரை நுழைத்துக் காட்டிக் கொடுத்தார்கள். பின்னர் சென்று மக்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். அபூதாவூதில் சுத்தம் பற்றிய பாடத்தில் இந்தச் செய்தி இடம்பெற்றிருக்கிறது. பச்சை இறைச்சியைத் தொட்டால் உளூ முறியுமா என்ற சட்டத்துக்காக அதை நாம் ஓதினோம்; அதில் ஒரு தொழிற் பாடமும் அடங்கியிருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

இனி, மயிர் உதிரும் தோலுக்கு வருவோம். நம் தட்பவெப்பத்தில் உரித்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் தோலுக்கு உப்பிட்டாக வேண்டும். தோலின் எடையில் ஏறக்குறைய பாதியளவு உப்புத் தேவை. இரண்டு கிலோ தோலுக்கு ஒரு கிலோ கல்லுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எவ்வளவுதான் அள்ளிப் போட்டாலும் கொழுப்புப் படலத்தின் ஊடே உப்பு இறங்காது. தொங்கும் சதைத் துண்டுக்கு அடியிலும் இறங்காது. அந்த இடங்கள் மட்டும் உள்ளூர அழுகும். ஓரிரு நாளில் மயிரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். மேலே பார்த்தால் உப்பிட்ட தோல். உள்ளே பாதி கெட்ட தோல். ஆகவே உப்பிடுமுன் சதையும் கொழுப்பும் நீங்க வேண்டும். அதற்குரியதே இருபிடிக் கத்தி.

வீட்டுக்கு ஒன்று வாங்கச் சொல்லவில்லை. தோல் சேகரிக்கும் ஒவ்வொரு மத்ரஸாவிலும், அல்லது மஹல்லாவுக்கு ஒன்றாக ஜமாஅத்திலும் இது இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அடுப்பங்கரைக் கத்தியை ஒரு கையில் பிடித்து, தோலைத் தரையில் விரித்துச் சுரண்டுவது வீண் உழைப்பு. தரை மேடுபள்ளமானது, ஒரு கையின் அழுத்தமும் சீராக இராது. நான்கு தோலுக்குள் கை ஓய்ந்துவிடும், ஐந்தாவது தோல் கிழியும்.

இருபிடிக் கத்தி என்பது நீண்டு, வில்போல் சற்றே வளைந்த அலகு. இரு முனைகளிலும் மரப்பிடி. பாதி உருளையாக அமைந்த ஒரு கட்டையைச் சாய்வாக நிறுத்தி, அதன்மேல் தோலை மயிர்ப்பக்கம் கீழாக விரித்து, கட்டையின் தலைப்புக்கும் தம் வயிற்றுக்கும் இடையே தோலின் விளிம்பை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியை இரு கைகளாலும் தம்மைவிட்டு அப்பால், கீழ்நோக்கித் தள்ளுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல் ஆகிய ஊர்களின் தோல் ஷாப்புகளை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் களைந்த தோலை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகச் சுத்தம் செய்தார்கள். இப்போது சுருள் கத்திகள் பதித்த உருளை இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. நம் முற்றத்துக்கு இயந்திரம் வராது. பழைய கத்தியே போதும்.

வாங்கப் போகும்போது முதலில் வாயைப் பாருங்கள். நல்ல இருபிடிக் கத்திக்கு இரண்டு வாய் இருக்கும். வளைவின் உட்பக்கம் மொன்னையாகவும், வெளிப்பக்கம் கூராகவும் இருப்பது வழக்கமான அமைப்பு. பெருநாள் தோலுக்கு நாம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நம்ப வேண்டியது மொன்னை வாயைத்தான். புதுத் தோலின் கொழுப்பு வெட்டுக்குக் காத்திருப்பதில்லை. தள்ளினாலே திரண்டு வந்துவிடும். கூர் வாய், இறுக ஒட்டிய சதைத் துண்டுக்கும், வீட்டில் பதனிட நினைப்பவர் எடுக்க வேண்டிய மெல்லிய சவ்வுக்கும் மட்டுமே. கடைக்காரர் கத்தியைக் காட்டி "மயிரைச் சிரைக்கும் கூர் தம்பி" என்று பெருமைப்பட்டால், புதிதாகக் கற்பவர் அதை வாங்காமலிருப்பதே நல்லது. கூரை எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். கிழிந்த தோலை ஒட்டவைக்க முடியாது.

அடுத்தது மூலைகள். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. அலகின் இரு கோடிகளிலும் மூலை கூராக நின்றால், கை சற்றே சாயும்போது அந்த மூலைதான் தோலில் இறங்கும். வாய் எவ்வளவு மொன்னையாக இருந்தாலும் மூலை கிழித்துவிடும். விரலால் தடவிப் பாருங்கள். உருட்டித் தேய்த்திருக்க வேண்டும். இல்லையேல் அரத்தால் நீங்களே தேய்த்துக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை.

அலகின் நீளம் ஆட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் போதும். மாட்டுத் தோலும் கையாளும் இடமாயின் பதினைந்து, பதினாறு அங்குலம் வரை போகலாம். வளைவு கட்டையோடு பொருந்த வேண்டும் என்பது நீளத்தைவிட முக்கியமானது. கட்டையின் உருட்சியைவிடக் கத்தி அதிகம் வளைந்திருந்தால் இரு ஓரங்களும் தோலைக் கவ்வும். கத்தி நேராக இருந்தால் ஒரு விரல் அகலத்துக்கு மட்டுமே வேலை நடக்கும்; தோலுக்கு ஆபத்தில்லை, நேரம்தான் வீண். சற்றுக் குறைவான வளைவே பாதுகாப்பு. எனவே கட்டையை முதலில் முடிவு செய்துவிட்டுக் கத்தியைத் தேடுங்கள். பட்டை உரித்து இழைத்த மரத்துண்டு ஏற்றது. நார் பிரியும் தென்னந்துண்டு ஆகாது. ஆறு அங்குலத்துக்குக் குறையாத தடித்த பிவிசி குழாயை ஒரு மரச்சட்டத்தின்மேல் சாய்த்துக் கட்டினாலும் வேலை நடக்கும், கழுவுவதும் எளிது.

இரும்பு விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. எவர்சில்வர் அலகு துருப்பிடிக்காது. உப்பும் ஈரமுமாகக் கிடக்கும் இடத்தில் அது பெரிய வசதிதான். ஆனால் வாய் மழுங்கினால் நம் சாணைக்கல்லுக்கு எளிதில் வசப்படாது. கொல்லர் அடித்துத் தரும் எஃகு எளிதில் தீட்டப்படும். கவனிக்காவிட்டால் ஒரே இரவில் துரு ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பயன்படுத்தி, பொறுப்பானவர் பாதுகாக்கும் மத்ரஸாவுக்குக் கொல்லரின் எஃகையே நான் சொல்வேன். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையிலிருந்து நல்ல கொல்லர் இதை அடித்துத் தருவார். தோய்ச்சல் மட்டும் அளவாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். மிஞ்சிப்போனால் வாயில் பொரிவு விழும்; பொரிந்த இடம் ஒவ்வொரு தள்ளலிலும் தோலில் ஒரு கோடு போடும்.

துருவைப் பற்றி இன்னொரு செய்தி. துருவேறிய கத்தி தோலில் கறை படியச் செய்யும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிடப்படும் தோலில் அந்த இரும்புக் கறை கறுத்துப் போகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அதே வினைதான் இங்கும் நடக்கிறது. அந்தக் கறுப்பை எளிதில் போக்க இயலாது.

பிடியைக் கையில் வாங்கிப் பாருங்கள். அலகின் வால் பிடிக்குள் முழு நீளத்துக்கும் ஓடியிருக்க வேண்டும். பாதியில் நின்றால் அழுத்தும்போது கழன்று வரும். அப்போது காயம் தோலுக்கன்று, கைக்கு. ஆணிகளைச் சுற்றி இடுக்கு இருந்தால் கொழுப்பு அடைந்து நாறும். வழவழவென்று மெருகேற்றிய பிடி கொழுப்புக் கையில் வழுக்கும். சொரசொரப்பான சாதாரண மரமே மேல். எடை சற்று இருக்கட்டும். இலேசான கத்தியைக் கை அழுத்த வேண்டியிருக்கிறது. கனமான கத்தி தன் எடையாலேயே பாதி வேலையைச் செய்யும்.

வேலை செய்யும் முறையிலும் கத்தியின் பயன் அடங்கியிருக்கிறது. தோலை விரிக்குமுன் மயிர்ப்பக்கத்தைக் கையால் தடவி, ஒட்டிய சாணி உருண்டை, முள், முடிச்சு எதுவும் இல்லாமல் எடுத்துவிடுங்கள். கட்டைக்கும் தோலுக்கும் இடையே ஒரு சிறு உருண்டை கிடந்தாலும் அந்த இடம் மேடாகும். கத்தி அந்த மேட்டைச் சீவிக்கொண்டு போய்விடும். தோலின் கழுத்தை மேலே வைத்து வாலை நோக்கி, மயிர் படியும் திசையிலேயே தள்ளுங்கள். கத்தியை நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்கவைத்துப் பிடியுங்கள். வயிறும் கால் இடுக்கும் மெல்லியவை. அங்கே மொன்னை வாய் தவிர வேறொன்றும் தொட வேண்டாம். சதையும் கொழுப்பும் போய் வெள்ளை தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். உப்பிட்டு வியாபாரியிடம் கொடுக்கும் தோலுக்குச் சவ்வை எடுக்கத் தேவையில்லை. அதைச் சுண்ணாம்பில் ஊறிய பின் தொழிற்சாலையில் பார்த்துக்கொள்வார்கள். ஆர்வ மிகுதியால் மேலும் மேலும் சுரண்டுபவர் மயிரின் வேரையே எட்டிவிடுவார்.

குர்பானித் தோலைத் தாமே பதனிட்டு விரிப்பாகவோ தஃப் வாத்தியத்துக்கோ வைத்துக்கொள்ள நினைக்கும் இளைஞர்கள் சிலரும் இருக்கிறார்கள். நல்ல முயற்சி. தோலை எப்போது சொந்தமாக வைத்துக்கொள்ளலாம், நேர்ச்சைக் குர்பானிக்கு என்ன வேறுபாடு என்பவற்றை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொழில் நுட்பத்துக்கு, 1948-இல் தொடங்கப்பட்டுச் சென்னை அடையாற்றில் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள். தஃப் வாத்தியத்துக்கான தோலில் சவ்வு துளியும் மிஞ்சலாகாது. கூர் வாயில் கை பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. முதல் தோலைப் பழக்கத்துக்கென்றே ஒதுக்கிவையுங்கள்.

சீவிய சதையையும் கொழுப்பையும் தெருவோரத்தில் கொட்டாதீர்கள். தோல் ஊர்களில் இதை வீணாக்காமல் வஜ்ஜிரம் காய்ச்சக் கொடுத்த வழக்கம் உண்டு. அந்த வசதி இல்லாத இடத்தில், நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். பாலாற்றங்கரைத் தொழிற்சாலைக் கழிவுகள் குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று தீர்ப்பு வந்ததை நாம் மறந்துவிடவில்லை. பெரிய தொழிற்சாலைக்குச் சொன்னது நம் முற்றத்துக்கும் பொருந்தும். உப்புநீரையும் கிணற்றருகே ஊற்ற வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் பச்சைத் தோலைத் தொடாமலிருப்பது நலம். நோயால் செத்த ஆட்டின் தோலை யாருமே தொட வேண்டாம். அடைப்பான் நோய் தோல் வழியாகவும் மனிதரைப் பற்றும்.

வேலை முடிந்ததும் கத்தியை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, நன்கு துடைத்து, வெயிலில் சற்று வைத்து, தேங்காயெண்ணெய் தடவிப் பழந்துணியில் சுற்றி உயரத்தில் வையுங்கள். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதைக் கொண்டு இறைச்சி வெட்டுவதும் விறகு சீவுவதும் கூடாது என்பதைப் பொறுப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். செய்யச் சொல்லும் எண்ணம் இருந்தால் கொல்லரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பெருநாளுக்கு முந்திய வாரம் ஊர்க் கத்திகள் அனைத்தும் சாணைக்காக அவர் வாசலில் வந்து குவிந்துவிடும். புதிதாக ஒன்று அடித்துத் தர அவருக்கு அப்போது நேரம் இராது.